இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

“யார் பேரு முதல்ல வருது?” என்று கேட்டார் பெரிய டாக்டர், அழைப்பிதழைக் கையால் தொடாமலேயே.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அகர வரிசைப்படி போட்டிருக்கோம் சார்.”

“அப்படின்னா அவன் பேருதான் முதல்ல.”

“அகர வரிசை அப்படி அமைஞ்சுபோச்சு சார்.”

“அமைஞ்சுபோச்சா? அப்ப அந்த அகர வரிசையையே கூட்டிட்டுப் போய் மேடையில உட்கார வையி. நான் வரல.”

உள்ளேயிருந்து டாக்டரின் மனைவி குரல் கொடுத்தார். “ஏங்க, அந்தப் புள்ளையைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?”

அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் ஓய்வு. தலையில் இருந்த கறுப்பு முடியெல்லாம் மை போட்டது. ஆனாலும் பெரிய டாக்டர் வீட்டு வாசலில் நின்றால் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளின் கணக்குப்பிள்ளையாகவே ஆகிவிடுவார்.

விஷயம் இதுதான். ஒரே சாலையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்கும் இரண்டு ஆஸ்பத்திரிகள் ஒன்றாகப் போகின்றன. இந்தப் பக்கம் பெரிய டாக்டருடையது, அந்தப் பக்கம் சின்ன டாக்டருடையது. பெரியவர் ஆள் குள்ளம், சின்னவர் நெட்டை. பெரியவர், சின்னவர் என்பது மூன்று மாத வயது வித்தியாசத்தில் வந்த பட்டம். இணைப்பை நடத்தும் கம்பெனி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. விழா மேடையில் இரண்டு டாக்டர்களும் ஊர் பார்க்கக் கை குலுக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் பூட்டுத்தான்.

இரண்டு டாக்டர்களும் முப்பது வருஷத்துக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

மேனேஜர் யோசித்தார். இரண்டு விதமாக அச்சடித்துவிட்டால்? இந்தப் பக்கம் கொடுக்கும் அழைப்பிதழில் பெரியவர் முதலில், அந்தப் பக்கம் கொடுப்பதில் சின்னவர் முதலில். யாருக்குத் தெரியப் போகிறது? அச்சாபீஸ்காரர் வாய் திறக்க மாட்டார். அந்தப் பக்கத்து அழைப்பிதழ்க் கட்டை மட்டும் சிஸ்டரிடம் கொடுத்து அனுப்பினால் போதும்.

சிஸ்டர் என்பது அந்தப் பக்கத்துத் தலைமை நர்ஸ். மேனேஜரின் மனைவி. ஊரே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அப்படிக் கூப்பிட முடியாத ஒரே ஆள் மேனேஜர்தான்.

மறுநாள் சாயங்காலம் அவள் அழைப்பிதழ்க் கட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள்.

“எங்க டாக்டர் கேக்கறார், ‘அங்க ஒரு கார்டு இங்க ஒரு கார்டாமே, இது கல்யாணமா இல்ல கண்கட்டு வித்தையா’ன்னு. எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.”

மேனேஜர் திகைத்துப்போனார். “அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? உனக்கும் எனக்கும்தானே தெரியும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

“நீ சொல்லியிருப்பே.”

“நான் ஏங்க சொல்றேன்? உங்க ஆளுங்க யாராவது உளறியிருப்பாங்க.”

அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சு அதற்குமுன் நடந்ததே கிடையாது. ஏனென்றால் அந்த வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சே கிடையாது.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. இணைப்பை நடத்த வந்திருந்த ஆலோசகர், மடிக்கணினியும் கையுமாகத் திரியும் ஒரு சின்னப் பெண், முதல் நாளே மேனேஜரை உட்கார வைத்து அதைக் கேட்டாள்.

“முதல்ல ஒண்ணாத்தானே சார் இருந்தீங்க? எதுக்காகப் பிரிஞ்சீங்க?”

மேனேஜருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “நான் கண்ணால பார்த்தேம்மா. அன்னிக்கு சந்தை நாள். தாழ்வாரம் முழுக்க ஜனம். வயித்து வலின்னு ஒருத்தர் படுத்திருக்கார். ஆபரேஷன் பண்ணணும்கிறார் சின்ன டாக்டர். வேண்டாம், மாத்திரையே போதும்கிறார் பெரியவர். பேச்சு முத்திப்போச்சு. பெரியவர் கத்திரிக்கோல், இடுக்கி எல்லாம் இருந்த தட்டைத் தூக்கி வீசினார் பாரு, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. சின்னவர் கோட்டைக் கழட்டி வாசல்ல போட்டுட்டு விறுவிறுன்னு சாலையைத் தாண்டிப் போயிட்டார். எதிர்ல ஒரு மரக்கிடங்கு காலியாக் கிடந்தது. எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் ஏற்பாடு பண்ணாரோ, அடுத்த வாரமே அங்க போர்டு மாட்டிட்டார்.”

ஆலோசகர் தட்டச்சு செய்தாள். மேனேஜர் எட்டிப் பார்த்தார். ‘கொள்கை வேறுபாடு’ என்று இருந்தது.

“தட்டு பறந்ததைப் போடலையாம்மா?”

“அதெல்லாம் இதுல வராது சார். சரி, இப்ப எதுக்காகச் சேரணும்னு நினைக்கிறீங்க?”

“ஸ்கேன் மிஷின் ரெண்டு பக்கமும் ஈ ஓட்டிட்டிருக்கும்மா.”

‘வளங்களை ஒருங்கிணைத்தல்’ என்று அடித்தாள். ஈக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைக்கும் என்று மேனேஜர் எதிர்பார்க்கவில்லை.

“உங்க ஆஸ்பத்திரியோட நோக்கம் என்ன சார்?”

“எந்த வருஷத்து நோக்கம்?”

அவள் புரியாமல் பார்த்தாள். மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. நோக்கம் என்பது இந்த ஆஸ்பத்திரியில் வாசல் போர்டு. ஆரம்பத்தில் மூன்று அறையும் ஒரு தாழ்வாரமுமாக இருந்தபோது ‘யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்’ என்று பெரிய டாக்டரே தன் கையால் எழுதி மாட்டியிருந்தார். எழுத்துக் கோணல்தான். ஆனால் சொன்னபடி யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. சின்னவர் எதிரில் போனதும் ‘எந்த நேரமும் டாக்டர் உண்டு’ என்று மாட்டினார். உடனே இந்தப் பக்கம் ‘எந்த நேரமும் பெரிய டாக்டர் உண்டு’ என்று ஆனது. அந்தப் பக்கம் ‘நவீன சிகிச்சை’ என்றால் இந்தப் பக்கம் ‘அதிநவீன சிகிச்சை’. அந்தப் பக்கம் லிஃப்ட் வந்த அன்றைக்கு இந்தப் பக்கம் ‘உலகத் தரம்’ வந்துவிட்டது. உலகத் தரம் வந்த கையோடு வாசல் பெஞ்சு போய், டோக்கன் மிஷின் வந்தது. அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் ஊர் முழுவதும் தன் வியாதியை இன்னொருவர் வியாதியோடு ஒப்பிட்டு ஆறுதல் அடைந்துகொண்டிருந்தது. மேனேஜருக்கு டோக்கன் மிஷினைப் பார்க்கும்போதெல்லாம் அந்த பெஞ்சின் ஞாபகம் வரும்.

“நோக்கம் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும் சார்,” என்றாள் ஆலோசகர். “அதுதான் ஸ்ட்ராடஜி.”

“அந்தக் காலத்துல எங்க நோக்கம் ஒண்ணே ஒண்ணும்மா. அந்தப் பக்கத்தை ஜெயிக்கணும். அவ்வளவுதான்.”

வேடிக்கை என்னவென்றால், ஜெயித்ததும் இல்லை, தோற்றதும் இல்லை. இந்தப் பக்கம் காட்டிய நோயாளி மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு, சாலையைத் தாண்டி அந்தப் பக்கமும் காட்டிவிட்டுத்தான் மருந்து வாங்குவார். அந்தப் பக்கம் காட்டியவர் இந்தப் பக்கம் வருவார். ஆச்சரியமாக, இரண்டு டாக்டர்களும் பெரும்பாலும் ஒன்றையே சொன்னார்கள். ஒன்றாக இருந்த காலத்தில் இந்த ஜனங்கள் டாக்டர் சொன்னதை நம்பாமல் ரயிலேறிப் பெரிய நகரத்துக்கு ஓடுவார்கள். சிலர் காலம் கடந்து, வைத்தியம் பலிக்காத நிலையில் திரும்பி வந்ததும் உண்டு. எதிரில் ஓர் ஆஸ்பத்திரி வந்தபிறகு யாரும் ரயிலேறவில்லை. இப்போதோ ஜனங்கள் சாலையைக்கூடத் தாண்டுவதில்லை. டாக்டர் எதிரில் உட்கார்ந்துகொண்டே போனை எடுத்துச் சரிபார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது.

தட்டு பறந்த சமயத்தில் மேனேஜருக்கும் சிஸ்டருக்கும் கல்யாணப் பத்திரிகையே அச்சாகிவிட்டது. அவர் பெரிய டாக்டர் கொடுத்த வேலையில் வாழ்ந்தவர்; இந்தப் பக்கமே நின்றார். அவள் சின்ன டாக்டரிடம் ஆபரேஷன் தியேட்டர் வேலை பழகியவள். அந்தப் பக்கம் போனாள். கல்யாணத்துக்குப் பெரியவர் காலையில் வந்தார், சின்னவர் மாலையில் வந்தார். இரண்டு பேரும் கொண்டுவந்தது ஒரே கடையில் வாங்கிய, ஒரே மாதிரியான சுவர்க் கடிகாரம். இரண்டும் கூடத்தில் எதிரெதிர்ச் சுவரில் தொங்கி, வேறு வேறு நேரம் காட்டிக்கொண்டிருந்தன.

கல்யாணமான மறுநாளே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் ஆஸ்பத்திரிப் பேச்சு கூடாது. வேலை முடிந்து அவர் இந்த கேட்டிலிருந்தும் அவள் அந்த கேட்டிலிருந்தும் வெளியே வருவார்கள். முனை திரும்பும்வரை அவர் இந்தப் பக்க நடைபாதையில், அவள் அந்தப் பக்க நடைபாதையில். முனை திரும்பியதும் அவர் சாலையைத் தாண்டி அவள் பையை வாங்கிக்கொள்வார். அந்தச் சில அடி தூரம் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நடந்ததில் ஒரு சுகம் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆன பிறகும் அவர்கள் காதலித்துக்கொண்டிருந்ததற்கு அந்தச் சாலைதான் காரணம் என்று மேனேஜர் மனதுக்குள் நினைத்துக்கொள்வார்.

மகள் பிறக்கும்போது மட்டும் சிக்கல். எந்தப் பக்கம் பிரசவம்? பேசிப் பேசிப் பார்த்துக் கடைசியில் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மேனேஜருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது அவள் பார்வையாளர் நேரத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி வரிசையில் நின்றுதான் வந்தாள். “டைம் ஆச்சும்மா, வெளிய போங்க” என்று வார்டு ஆயா விரட்டினாள். கட்டின புருஷனிடமிருந்து அப்படி விரட்டப்பட்டும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எதிர் முகாம். மரியாதை மரியாதைதான்.

அப்பேர்ப்பட்ட வீட்டில்தான் இப்போது அழைப்பிதழ்க் கட்டு மேஜைமேல் கிடந்தது.

மூன்றாவது முறையாக அச்சடித்தார்கள். இரண்டு பெயரையும் வட்டமாக, வண்டிச் சக்கரம்போலப் போட்டார்கள். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கடவுளுக்கே தெரியாது.

பெரிய டாக்டர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “தலை சுத்துது. சரி, போகட்டும். மேடையில நாற்காலி எப்படி?”

“ஒரே மாதிரி ரெண்டு போட்டிருக்கோம் சார்.”

“அவன் நெட்டை. ஒரே மாதிரி நாற்காலியில உட்கார்ந்தா நான் அவன் மடியில உட்கார்ந்த மாதிரி தெரியும். என் நாற்காலி கொஞ்சம் உசரமா இருக்கணும்.”

மேனேஜர் தச்சரை அழைத்து, ஒரு நாற்காலியின் கால்களுக்கு அடியில் மட்டும் கட்டை வைத்து அறையச் சொன்னார். துணி போட்டு மூடியும் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் சிஸ்டரிடம் சொல்லவே கூடாது என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் கால்சட்டையில் மரத்தூள்.

“என்னங்க இது?”

சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் சின்ன டாக்டர் போன் செய்தார். “ஏம்ப்பா மேனேஜர், அவனுக்குக் கட்டை வச்சியாமே? எனக்கும் வையி. அவனுக்கு வச்சதைவிட ஒரு கட்டை அதிகமா.”

மேனேஜர் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவது மாடியில் வெள்ளைச் சேலையில் சிஸ்டர் நடந்து போவது தெரிந்தது. கட்டிய மனைவியே காட்டிக் கொடுக்கிறாளே என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

சின்னவருக்குக் கட்டை வைத்தார். அன்று சாயங்காலமே பெரியவருக்குத் தெரிந்து இன்னொரு கட்டை கேட்டார். இப்படியே போய், நாற்காலிகள் இரண்டும் டென்னிஸ் நடுவர் உட்காரும் உயரத்துக்கு வந்தன. தச்சர் தலையைச் சொறிந்தார். “சார், இதுக்கு மேல போனா உட்கார்றதுக்கு ஏணி வேணும்.”

ஆலோசகர் நாற்காலிகளைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு, “சார், இதுல யாராவது விழுந்தா?” என்றாள்.

“கவலைப்படாதேம்மா. ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “சார், மேடையில ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டா எல்லாம் போச்சு. கம்பெனி ஆளுங்க முன் வரிசையில இருப்பாங்க. அவங்களுக்குள்ள ஒரு ஈரத்தைக் கொண்டு வாங்க, முதல்ல.”

ஈரம் கொண்டுவர மேனேஜருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பொய்.

அடுத்த நாள் பெரிய டாக்டர் வீட்டுக்குப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. சின்ன டாக்டர் உங்களை நினைச்சு அழுதாராம்.”

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். “அழுதானா? எப்போ?”

“நேத்து சாயங்காலம் சார். இருட்டற நேரம். தனியா உட்கார்ந்து விசும்பினாராம்.”

“நேத்து சாயங்காலமா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“சத்தியமா சார். ‘அவன் இல்லாம எனக்கு யார் இருக்கா’ன்னு சொல்லிச் சொல்லி அழுதாராம்.”

பெரிய டாக்டர் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷத்துப் பாசம்! சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டார்.

பெருமை தாங்காமல், சாப்பிடும்போது சிஸ்டரிடம் சொன்னார். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“எங்க டாக்டர் எப்போ அழுதார்?”

“அழல. ஆனா பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதாரே. காரியம் ஆச்சா இல்லையா?”

“காரியம் ஆகறதுக்கு எங்க டாக்டரை அழவைப்பீங்களா? உங்க டாக்டரை அழவைக்க வேண்டியதுதானே?”

மறுநாள் சின்ன டாக்டர் ரவுண்ட்ஸ் நடுவில் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். “சிஸ்டர், நான் அழுதேனாமே? உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, அழறதுன்னா முன்கூட்டியே எனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி. ரெடியா இருப்பேன்ல?”

அன்று வீட்டில் அவள் கதவைச் சாத்திய வேகத்தில் ஒரு கடிகாரம் நின்றுவிட்டது.

“நீதானே சொன்னே?” என்றார் மேனேஜர்.

“நான் சொன்னா என் நாக்கு அழுகிப்போகட்டும். பொய் சொன்னது நீங்க, பழி எனக்கா?”

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்ததுதான் பெரியது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் சிஸ்டர் தானாகவே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவள் குரல் மாறியிருந்தது. “உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். உங்க டாக்டர் காதுக்குப் போகவே கூடாது.”

“சொல்லு.”

“எங்க டாக்டருக்குக் கை நடுங்குது. அதனாலதான் ஆபரேஷனை விட்டார். யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான். நாளைக்கு மேடையில எல்லாரும் பார்க்கக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அவருக்குப் பயமா இருக்குங்க. அந்தக் கையை எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? நான் நர்ஸா சேர்ந்தப்ப என் கையைப் பிடிச்சுத் தையல் போடக் கத்துக்கொடுத்த கை.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஏதாவது சாக்குச் சொல்லி அதை மட்டும் மாத்திடுங்க.”

மேனேஜர் அன்றைக்கு யாரிடமும் மூச்சு விடவில்லை. என்ன சாக்குச் சொல்லலாம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பெரிய டாக்டரே போன் செய்தார்.

“மேனேஜர், கையெழுத்தெல்லாம் மேடையில வேண்டாம். உள்ள ரூம்ல போட்டுக்கலாம்.”

“ஏன் சார்?”

“எனக்குக் கூட்டத்துல பேனா பிடிக்கப் பிடிக்காது. அவ்வளவுதான். கேள்வி கேக்காதே.”

மேனேஜருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அதைவிட அதிகமாகத் தூக்கிவாரிப்போட்டது சிஸ்டருக்கு.

“சொல்லிட்டீங்க,” என்றாள். கத்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. “உங்க டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டீங்க.”

“இல்லம்மா. அவராத்தான் போன் பண்ணார்.”

“அவராவா? அவருக்குக் கனவு வந்துச்சா?”

“சத்தியமா நான் சொல்லல.”

“நீங்க போன வாரம் பண்ணின சத்தியம் எனக்குத் தெரியும்.”

அவள் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் தனித்தனியாகச் சாப்பிட்டது அன்றுதான். ஆஸ்பத்திரிகள் ஒன்று சேர்கிற நேரத்தில் வீடு இரண்டாகிவிட்டதே என்று மேனேஜர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

விழா நாள். இரண்டு டாக்டர்களும் மேடைக்கு முன்னால் சந்தித்துவிடக் கூடாது என்று இரண்டு கார், இரண்டு வாசல், இரண்டு அறை ஏற்பாடு செய்திருந்தார் மேனேஜர். நாற்காலி ஏறுவதற்கு வார்டிலிருந்து இரண்டு மரப்படிகளை சிஸ்டர் கொண்டுவந்து வைத்தாள். அவரைப் பார்க்காமலேயே வைத்தாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. இரண்டு டாக்டர்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் மேடைக்கு வந்தார்கள். படியில் ஏறி உட்கார்ந்தார்கள். நான்கு கால்களும் அந்தரத்தில் தொங்கின. முன் வரிசைக் கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆலோசகர் ஒருங்கிணைப்பு, வளர்ச்சி, நோயாளியை மையமாகக் கொண்ட சேவை என்று புதிய நோக்கங்களைப் படித்தாள். யாருக்கும் காதில் ஏறவில்லை. எல்லோரும் அந்த நான்கு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்ன டாக்டரிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“இவனோட பேசி எவ்வளவோ காலமாச்சு. இப்ப என்ன பேசறதுன்னே தெரியல.”

பெரிய டாக்டருக்குப் பலமாக இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னார், “ஆரம்பத்துல நாங்க மூணு ரூம்ல வைத்தியம் பார்த்தோம். வர்றவங்களை நாங்க நல்லாப் பார்த்துக்கணும், அவங்க எங்களை நம்பணும். அது ரெண்டுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. போர்டெல்லாம் அப்புறம் வந்தது. போர்டு நிறைய மாறிடுச்சு. நாங்க மாறல.”

பிறகு அவர் நாற்காலியிலிருந்து எக்கி, சின்ன டாக்டரின் வலது கையை எட்டிப் பிடித்தார். குலுக்கிவிட்டு விடவில்லை. தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கியதா இல்லையா என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. மேடையை விட்டு இறங்கும்வரை அவர் அதை விடவே இல்லை.

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. ஒரு காலத்தில் அந்த வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜனம்தான் பாதி. பல பேர் அழுதார்கள். மேனேஜரும் அழுதார். கைக்குட்டையைத் தேடினார், காணோம். பக்கத்திலிருந்து ஒரு கை தன் கைக்குட்டையை நீட்டியது.

“துடைச்சுக்குங்க,” என்றாள் சிஸ்டர். அவளும் அழுதிருந்தாள்.

“நான் சொல்லலம்மா. நிஜமா.”

“சரி, விடுங்க. சொல்லியிருந்தாலும் நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கீங்க. பார்த்தீங்கல்ல, எப்படிப் பிடிச்சுக்கிட்டார்னு? நான் மன்னிச்சுட்டேன்.”

“நானும் மன்னிச்சுட்டேன். கார்டு, கட்டை எல்லாத்தையும்.”

“நான்தான் சொல்லவே இல்லையே!”

“சரி சரி. நானும்தான்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொள்வதும் ஒரு சௌகரியம்தான் என்று மேனேஜருக்குத் தோன்றியது.

விழா முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள் உள்ளறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரிய டாக்டரின் மனைவி ஓர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார். மேனேஜரும் சிஸ்டரும் ஜோடியாக அவர் எதிரில் போய் நின்றார்கள். மேனேஜர் கைகூப்பினார்.

“அம்மா, எங்க ரெண்டு பேரால ஒரு பெரிய பகை இன்னிக்குத் தீர்ந்தது. இனிமே சின்ன டாக்டர் தாராளமா உங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடலாம்.”

அந்த அம்மாள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, அலுத்துப்போன குரலில் சொன்னார்:

“ஏம்ப்பா, ‘சிநேகிதங்க ரெண்டு பேரு சொன்னா ஜனங்க நம்ப மாட்டேங்குது, ஜென்ம விரோதிங்களா இருந்து ஒரே வைத்தியத்தைச் சொன்னா ஊரை விட்டு ஓடாம நம்பும்’னு டாக்டருங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுல உட்கார்ந்து முடிவு பண்ணித் தட்டை வீசின நாள்லேருந்து, தினம் பொழுது சாய்ஞ்சா பின்வாசல் வழியா வந்து உங்களை மாதிரி பேசிக்காட்டிச் சிரிச்சுக்கிட்டே சாப்பிடற அந்தச் சின்ன டாக்டருக்கும் சேர்த்து நான்தானே வடிச்சுக் கொட்டிக்கிட்டிருக்கேன்!”